நாள் தள்ளிப்போன முதல் வாரங்கள்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்கே நாள் தள்ளிப்போனால் மூன்று மாதம் வரை யாரும் வெளியே சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம். மேஸ்திரிக்கே தெரியாது. அதனால் வயிறு தெரிகிற வரைக்கும் அந்தப் பெண் மற்றவர்களைப் போலவே முழு எடைக்கு இலை பறிக்கிறாள். ஆனால் அவள் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியில் பெரிய மாற்றங்கள் தொடங்குவது இந்த வாரங்களில்தான். அதில் நரம்புக்கும் பங்கு உண்டு.

கருவில் பாதி அப்பாவுடையது. அப்படியிருக்க, தாயின் நோய் எதிர்ப்பு சக்தி அதை ஏன் விரட்டவில்லை என்று 1953-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் கேட்டார். கருப்பைக்குள் மட்டும் தேடினால் இதற்கு முழு விடை கிடைக்காது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்து எதிர்ப்பு செல்களைப் பழக்கும் தைமஸ் சுரப்பி, இடது விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல், காய்ச்சலில் நெறி கட்டுமே அந்த நிணநீர் முடிச்சுகள் என எல்லாமே கர்ப்பத்துக்கு ஏற்ப மாறுகின்றன. தைமஸ் சுருங்கிவிடுகிறது, பால்குடி மறந்த பிறகு மறுபடி வளர்கிறது. இதைச் செய்வது புரொஜெஸ்டிரோன். அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பி தைமஸில் இல்லாத எலிகளில் சுருக்கம் நடக்கவில்லை, கரு தங்குவதும் குறைந்தது என்று 1999-ல் காட்டினார்கள்.

சரி, இதில் நரம்புக்கு என்ன வேலை? எலியில் இணை சேரும்போது கருப்பைவாயில் ஏற்படும் தூண்டுதல் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அன்றிலிருந்து பல நாட்களுக்கு, தினம் இரண்டு முறை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பொங்கவிடுகிறது. அதன் பலத்தில் சினைப்பை புரொஜெஸ்டிரோன் சுரக்கிறது. அதைக் கேட்டுத்தான் தைமஸ் சுருங்குகிறது. கரு வந்து ஒட்டும் முன்பே நரம்பு இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவிடுகிறது! படித்த அன்று இதை நினைத்து நினைத்து வியந்தேன். மனிதரில் இந்த ஆரம்ப வேலையைக் கருவிலிருந்து வரும் எச்.சி.ஜி. ஹார்மோன் எடுத்துக்கொள்கிறது. சிறுநீர் விட்டுப் பார்க்கும் அட்டையில் இரண்டாவது கோடு விழுவது அதனால்தான்.

மனித உடம்பில் நரம்புக்கு வேறு வழி இருக்கிறது. மண்ணீரலுக்குள் ஓடும் பரிவு நரம்புகள், அதாவது பயத்திலும் பதற்றத்திலும் உடம்பை உசுப்பும் நரம்புகள், எதிர்ப்பு செல்களுக்குப் பக்கத்திலேயே போய் முடிகின்றன. எலிகளின் உறுப்புகளில் இதை அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஃபெல்டன் குழுவினர் 1980-களில் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்த நரம்பு விடும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அந்தச் செல்களின் மேலேயே இருக்கின்றன.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். விரல் நுனியெல்லாம் இலைக் கறை, இடுப்பில் கட்டிய சாக்கின் ஈரம் புடவை வரை இறங்கியிருந்தது. காலையில் வேலைக்குப் போகிற வழியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நின்றிருக்கிறது. பிரஷர் பார்க்கப் பட்டை சுற்றும்போதும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "நர்சம்மா, பயந்துட்டேன், கரு தங்குமா?" என்றாள்.

அந்த நேரத்துப் பயத்தில் மண்ணீரலில் இருந்த செல்கள் சில ரத்தத்துக்குள் வரும், பயம் அடங்கினால் இறங்கிவிடும். உடம்பு இதற்குப் பழக்கப்பட்டதுதான் என்று சொன்னேன். ஒரு நாள் பயம் வேறு, ஓயாத கஷ்டம் வேறு. 1936-லேயே மன அழுத்தத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஹான்ஸ் செல்யே எலிகளைத் தொடர்ந்து வருத்தியபோது அவற்றின் தைமஸ் சுருங்கியதைப் பார்த்தார். அது மூளை சொல்லி அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன்களின் வேலை. கர்ப்பத்தில் நடக்கும் சுருக்கம் கருவைக் காப்பதற்கானது. உறுப்பு ஒன்றேதான் என்றாலும் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக்கூடாது.

கரு கலைந்தால் "நீ பயந்ததுதான், அழுததுதான்" என்று பெண்ணின் தலையில் கட்டும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால் போகின்றன. அதற்கு அவள் எந்த விதத்திலும் பொறுப்பில்லை. நரம்புக்கும் எதிர்ப்பு சக்திக்கும் தொடர்பு இருப்பது அவளைக் குற்றம் சொல்வதற்கான சாட்சி ஆகாது. தூக்கம், பாரம், குடித்துவிட்டு வரும் புருஷன், இதையெல்லாம் சரிசெய்ய வேண்டியது சுற்றி இருக்கிற நாம்தான்.

அதனால் நாள் தள்ளியதுமே பதிவு செய்யச் சொல்கிறேன், 12 வாரம் வரை காத்திருக்க வேண்டாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதலில் வாக்குக் கொடுத்துவிடுவேன். அப்புறம் மாமியாரையும் புருஷனையும் உட்கார வைத்துப் பேசுவேன். அவள் சம்மதித்தால் மேஸ்திரியிடமும். நர்சரியில் நாற்றுப் பையில் மண் நிரப்பும் வேலை இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம். அந்தக் காட்டெருமையைப் பார்த்த பெண்ணுக்கு அதைத்தான் கேட்டு வாங்கினோம்.