நூலகத்துக்கு வராதவர்களிடம் கேட்டோம்

மூன்று வருடமாக ஒரே மனுவைத் தேதி மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை முழுநேர நூலகமாக்க வேண்டும், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வேண்டும், கழிப்பறை வேண்டும். கீழே வாசகர் வட்டத்து ஆட்கள் நாற்பது பேரின் கையெழுத்து. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுப்போம். சில வாரம் கழித்து ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று கடிதம் வரும்.

நான்காவது முறை போனபோது ஓர் அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார். “எப்பவும் இதே நாற்பது பேர்தானே சார் கையெழுத்துப் போடுறீங்க? ஊர்ல மத்தவங்களுக்கு இது வேணுமா?”

எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான், சரி, ஊரையே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. நான் நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கருத்துக் கணிப்பு என்றால் தேர்தல் நேரத்து டிவியில் பார்த்ததோடு சரி. அதனால் செய்த தப்புகள் நிறைய. வேறு ஊர் வாசகர் வட்டங்களுக்கு உதவும் என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நூலக மேசையிலேயே கேள்வித்தாளை அடுக்கி வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் ‘நூலகம் மிகவும் அவசியம்’ என்று நிரப்பினார்கள். சொல்லாமலா இருப்பார்கள், நூலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களை அல்லவா கேட்டிருக்கிறோம்! மாரியம்மன் கோயில் வாசலில் நின்று சாமி உண்டா என்று கேட்டது போலத்தான்.

அடுத்து, எங்களில் இருந்த ஒரு இன்ஜினியரிங் பையன் கூகுள் ஃபார்ம் போட்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினான். இரண்டு நாளில் மளமளவென்று பதில்கள் வந்தன. பார்த்தால் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள். பிறந்த ஊர்ப் பாசத்தில் நான்கு மாடி நூலகம் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவதாக வீடு வீடாகப் போனோம். வாக்காளர் பட்டியலில் தெருவாரியாக வீடுகளை எழுதி, ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. இருநூறுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர். அவர் போன தெருவில் எல்லாருமே தினமும் புத்தகம் படிக்கிறவர்களாக இருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, “தெனமும் பேப்பர் படிக்கிறேன் சார்” என்றாராம். அந்தத் தெருவில் வந்த பதில்களை முழுக்கத் தள்ளிவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து கல்லூரிப் பெண்கள் நான்கு பேரை வரவழைத்து மறுபடி கேட்டோம். சாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பகலில் போனால் 100 நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், வீட்டில் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள். இரவு சீரியல் நேரத்தில் போனால் பதில் வரும், பார்வை வராது. ஞாயிறு காலைதான் சரிப்பட்டது.

கேள்விகளிலும் இதே கதைதான். ‘ஊருக்கு நூலகம் வேண்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வார்? கடைசியில் தங்கியவை மூன்று. கடைசியாக எப்போது நூலகத்துக்குப் போனீர்கள்? போகவில்லையென்றால் ஏன்? நூலக வரி கட்டுவது உங்களுக்குத் தெரியுமா?

மூன்றாவதை நான் சொல்லித்தான் சேர்த்தார்கள், மண்டிக் கணக்குப் புத்தி. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காக, இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருடம் பாடுபட்டார். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஊராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டும். ஆக, நூலகத்துக்கு நாம் யாரிடமும் போய்க் கையேந்தவில்லை. ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெரும்பாலானவர்கள் தெரியாது என்றார்கள். உடனே அந்தக் கல்லூரிப் பெண்கள் “வீட்டு வரி ரசீது இருக்காங்க்கா?” என்று கேட்பார்கள். ரேஷன் கார்டோடு பாலிதீன் கவரில் சுருட்டி வைத்திருக்கும் ரசீது வெளியே வரும். வீட்டு வரி 150, அதற்குக் கீழே நூலக வரி 15. ஓர் அக்கா அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்துவிட்டு, “இத்தனை வருஷமா கட்றோமா? அப்ப அது எங்க காசுதானே?” என்றார். அதுவரை வாசற்படியில் நின்று பதில் சொன்னவர் பெண்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பல வீடுகளில் பேச்சே அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

ஏன் போவதில்லை என்பதற்கு, ‘மக்களுக்கு வாசிப்பு ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று மேடையில் நாங்கள் பேசுவோமே, அந்தப் பதில் அனேகமாக வரவே இல்லை. நாங்கள் வேலை விட்டு வருவதற்குள் பூட்டிவிடுகிறார்கள். டிஎன்பிஎஸ்சி புத்தகமெல்லாம் பழைய பதிப்பு. பெண்கள் சொன்னது ஒரே காரணம், கழிப்பறை இல்லை. மூன்று வருட மனுவில் நாங்கள் கழிப்பறையைக் கூரைக்கும் பின்னால், கடைசியில் எழுதியிருந்தோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தபோது கிடைத்த யோசனை புளியங்கொட்டை. மூன்று டப்பா. ஒன்றில் தெருவிளக்குப் படம், ஒன்றில் சாக்கடை, ஒன்றில் நூலகம். கையில் பத்துக் கொட்டையைக் கொடுத்து, “பஞ்சாயத்துக்குப் பணம் வந்தா எதுக்கு எவ்ளோ போடுவீங்க?” என்று கேட்போம். நூலகத்துக்குத் தினமும் வந்து எல்லாப் பேப்பரையும் மேய்கிற ஒரு பெரியவர் பத்தையும் சாக்கடையிலேயே போட்டார். வாசலில் தண்ணீர் நிற்கிறதாம். கீழத் தெருவில் ஓர் ஆயா, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், ஆறு கொட்டையைச் சாக்கடைக்குப் போட்டுவிட்டு, மிச்சம் நான்கையும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்து நூலக டப்பாவில் போட்டார். “எனக்கு எதுக்கும்மா அது? பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறா. வூட்ல ஒரே இரைச்சல். அங்கன போயி உக்காந்து படிக்கட்டும். ஏழு மணிக்கே சாத்திப்புடுறாங்களே, அதச் சொல்லு மொதல்ல.”

இது எங்கள் ஊர் விசேஷம் என்று நினைத்திருந்தேன். 2008-இல் அமெரிக்காவில் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு வாக்காளர்களிடம் எடுத்த பெரிய கணிப்பிலும் கிட்டத்தட்ட இதுவே வந்திருக்கிறது: நூலகத்துக்கு நிதி தர ஆதரவு சொல்வதற்கும், அடிக்கடி அங்கே போவதற்கும் பெரிய தொடர்பில்லை.

கொட்டைகளை எண்ணிப் பார்த்தால் சாக்கடை முதல், நூலகம் இரண்டாவது. வாசகர் வட்டத்தில் பெரிய சண்டையே வந்தது. இதை ஏன் வெளியே சொல்ல வேண்டும், நமக்குச் சாதகமானதை மட்டும் போடுவோம் என்று ஒரு கட்சி. நான் மறுத்தேன். மண்டியில் எல்லா மூட்டையும் முதல் தரம் என்று சொல்கிறவனிடம் யாரும் விலை பேச மாட்டார்கள். இரண்டாம் இடம் என்றே அச்சடித்தோம். ஊராட்சியில் ஒருவர் எந்தத் தெரு என்ன சொன்னது, யார் சொன்னது என்று கேட்டார். பெயர் எதுவும் வாங்கவில்லை என்றோம். நிஜமாகவே வாங்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

இதற்கிடையே பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு? முப்பது நாளில் வர வேண்டிய பதில் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது. வசூலித்ததில் ஒரு பங்கு நிலுவையில் நின்றது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இரண்டே பக்கம் கொண்டு போனோம். முதல் பக்கத்தில் கணிப்பில் வந்தது, இரண்டாம் பக்கத்தில் நிலுவைக் கணக்கு. வழக்கமாக எங்கள் தலைவர்தான் பேசுவார். இந்த முறை ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அக்கா எழுந்து, “நாங்க கட்டுன காசு எங்க?” என்று கேட்டார். எங்கள் நாற்பது கையெழுத்துக்கு இல்லாத கனம் அதற்கு இருந்தது. தீர்மானம் நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது, நகல் கையில் வரும்வரை விடக் கூடாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

கிடைத்தது இவ்வளவு. நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டினார்கள். மாலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள், இப்போது எட்டு மணி வரை திறந்திருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்குத் தொகையைத் திரட்டிக் கட்டி, கழிப்பறை வந்தது. சாவி நூலகர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முழுநேர நூலகம் இன்னும் இல்லை. அதற்குப் புதுப் பணியிடம் வேண்டும், அது மேலே போக வேண்டிய கோப்பு.

அந்த அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவரிடம் அதே இரண்டு பக்கத்தைக் கொடுத்தோம். பொறுமையாகப் படித்துவிட்டு, “நல்லாதான் இருக்கு, ஆனா தேதி பழசாயிடுச்சே” என்றார். பொங்கல் லீவில் மறுபடி கிளம்ப வேண்டும். மண்டிக்கு வரும் ஒரு புளி வியாபாரியிடம் கொட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.