பெயரிலேயே பிறந்த கதை

வட நைஜீரியாவில் அதிகம் பேசப்படும் ஹவுசா மொழியில் பெரும்பாலான சொற்கள் உயிர் ஒலியில்தான் முடியும். அதனால் அரபியிலிருந்து போன உமர் அங்கே உமரு, பஷீர் பஷீரு. முன்னாள் நைஜீரிய அதிபர் உமரு யாரடுவா பெயரிலேயே இதைக் கேட்கலாம்.

எனக்கு இன்னும் பிடித்தது, பிறந்த கதையைச் சொல்லும் பெயர்கள். வெள்ளிக்கிழமை பிறந்த பெண் ஜும்மாய், பையன் டான்ஜுமா. இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தால் காம்போ. பக்கத்தில் வாழும் யோருபா இன மக்களிடம் அதே பிள்ளை இடோவு! அவர்கள் வழக்கில் இரட்டையரில் முதலில் வெளியே வரும் டைவோதான் இளையது. உலகம் எப்படியிருக்குன்னு பார்த்துட்டு வரச் சொல்லி அனுப்பியது மூத்த கெஹிந்தேயாம். எவ்வளவு அழகான கற்பனை!

ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர், கானாவின் கோஃபி அட்டா அன்னான் 1938இல் வெள்ளிக்கிழமை பிறந்தவர், அதனால் கோஃபி. இரட்டையரில் ஒருவர், அதனால் அட்டா. கூடப் பிறந்த சகோதரி எஃபுவா, அதுவும் வெள்ளிக்கிழமைப் பெயர்தான்.