அம்மாவின் சீட்டுக் காசு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்துப் போன பிறகு, மட்டக்களப்பில் எங்கள் கல்லடி வீட்டில் அம்மா செய்தி பார்க்காத நேரம் இல்லை. பதுளை, கண்டிப் பக்க மண்சரிவுகளைப் பார்த்துப் பார்த்து அழுதார். ஒரு நாள் சீட்டுக் காசில் பதினைந்தாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, "இதை அனுப்பி விடு மகள்" என்று போனை நீட்டினார்.

வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் அது. எங்களுக்குத் தெரிந்த ஒரு கோயிலின் பெயர், கோபுரப் படம், மலையக மக்களுக்கு உலர் உணவுப் பொதி, கீழே வங்கிக் கணக்கு எண். அனுப்பியவர் ஆரையம்பதி மாமி. அப்புறம் என்ன சந்தேகம்? வங்கி ஆப்பைத் திறந்துவிட்டேன்.

இலக்கங்களைச் சரியாக வாசிக்கப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கண்ணில் பட்டது. நோட்டீஸ் முழுக்க மங்கிய மஞ்சள். கணக்கு எண் இருந்த வரிக்குப் பின்னால் மட்டும் பளிச்சென்று வேறொரு மஞ்சள், ஒட்டுப் போட்ட மாதிரி. எழுத்தும் வேறு. கணக்கு யார் பேரில் என்று எங்கும் இல்லை.

நோட்டீஸில் இருந்த போன் எண்ணை நான் எடுக்கவில்லை. கணக்கு எண்ணை மாற்றியவனுக்கு அதை மாற்ற எவ்வளவு நேரம்? மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய திருவிழா நோட்டீஸைத் தேடி எடுத்து, அதில் இருந்த பொருளாளருக்கு அடித்தேன். "பிள்ளை, நாங்கள் சேர்க்கிறது உண்மைதான். ஆனால் அந்த எண் எங்களுடையது இல்லை. காலையிலிருந்து கேட்கிற நாலாவது ஆள் நீங்கள்" என்றார். குரல் உடைந்திருந்தது.

ஒன்றைச் சொல்லவேண்டும். ஆப்பில் பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் கோயில் பெயரையே எழுதினாலும், காசு போய்ச் சேர்வது எண்ணுக்குத்தான். பெயர் எழுதினோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியில் எங்கள் வீடு அத்திவாரத்தோடு போனது. பள்ளிக்கூட முகாமில் யாரோ கொண்டுவந்த சோற்றுப் பார்சலைத்தான் அன்று இரவு சாப்பிட்டோம். தந்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அதனால்தான் அம்மா கொடுக்கும்போது கேள்வி கேட்பதில்லை. இந்தக் கள்ளர்கள் கைவைப்பது அந்த மனதில்தான்.

அம்மாவின் காசை அடுத்த நாள் பொருளாளர் கையிலேயே கொடுத்து ரசீது வாங்கினோம். மாமி ஏற்கெனவே ஐயாயிரம் போட்டிருந்தார். உடனே வங்கிக்குச் சொல்லி, பொலிசிலும் முறைப்பாடு கொடுத்தோம். காசு இன்னும் திரும்பவில்லை.

மாமிக்குக் காசைவிடப் பெரிய கவலை வேறு. அந்த நோட்டீஸைப் பதினொரு பேருக்கு அனுப்பியிருந்தார். அன்றிரவு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அனுப்பிப் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது ஆள் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தார்.