அம்மாயி முகம் அம்மா முகமாகும் மூன்று நொடி

அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு சின்ன வீடியோ செய்துகொண்டிருக்கிறேன். அதில் அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவின் முகம் அப்படியே அம்மாவின் முகமாக மாற வேண்டும். மூன்று நொடிதான், ஆனால் வீடியோவின் உயிரே அதுதான். இப்போது ஓரளவு கைக்கு வந்திருக்கிறது.

வீடியோ எடிட் செய்யும் மென்பொருள் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பு. ஒரு படம் மங்க மங்க இன்னொன்று தெரியவரும் வெறும் கிராஸ் டிசால்வ் போட்டால் நடுவில் நாலு கண் தெரிகிறது. ஸ்மூத் கட் என்ற இணைப்பும் இதற்கு உதவாது. அது ஒரே ஆள் பேசும் காட்சியில் வெட்டை மறைக்கத்தான். ஒரு முகம் இன்னொன்றாக உருமாறும் மார்ஃபிங்கில் உருவம் வளையவும் வேண்டும், அதே நேரத்தில் படம் கலக்கவும் வேண்டும்.

அம்மாயி இப்போது இல்லை. தெளிவாக இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இலங்கை மலையகத்தில் இருக்கும் தலவாக்கலையின் ஈரத்தில் ஓரமெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. ஸ்கேனர் இல்லாததால் மூடுபனி நேரத்தில் வாசலில் வைத்து ஃபோனில் எடுத்தேன். அந்த வெளிச்சத்தில் நிழலும் விழவில்லை, பளபளப்பும் இல்லை. அம்மாவின் படத்திலும் நிறத்தை எடுத்துவிட்டு, இரண்டு முகத்திலும் கருவிழிகள் ஒரே இடத்தில் வரும்படி பெரிதாக்கி, சாய்த்துச் சரிசெய்தேன்.

அப்புறம் ரிசால்வில் எஃபெக்ட் செய்யும் ஃபியூஷன் பக்கம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கிரிட் வார்ப் (படத்தின் மேல் ஒரு வலையை விரித்து, அதை இழுத்துப் படத்தை வளைக்கும் கருவி), இரண்டையும் சேர்க்க ஒரு டிசால்வ். நொடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 75. அம்மாயி படத்தின் வலை அம்மாவின் முக அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மாவின் படம் அம்மாயியின் அமைப்பில் வளைந்து தொடங்கி, தன் சொந்த வடிவத்துக்கு வர வேண்டும். எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் இரண்டு வலையும் ஒரே வடிவில் இருந்தால்தான் கண்ணும் கண்ணும் பொருந்தும்.

மார்ஃபிங் பற்றி 1992ல் பையர், நீலி என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கோடுகளை ஜோடி சேர்க்கும் முறை இருக்கிறது: இந்த மூக்குத்தண்டுக்கு ஒரு கோடு, அந்த மூக்குத்தண்டுக்கு ஒரு கோடு. கிரிட் வார்ப் வேறு மாதிரி வேலை செய்தாலும் நான் அப்படியேதான் யோசித்தேன். புருவம், இமை, மூக்கு, உதடுகள் சேரும் கோடு, தாடை ஆகியவற்றின் மேலேயே வலைக்கோடுகளை ஓடவிட்டேன். கன்னமும் நெற்றியும் தானாகவே கூட வந்துவிடுகின்றன.

வாய்தான் பெரும்பாடு. அம்மா பல் தெரியச் சிரிக்கும் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அம்மாயி வாயை மூடியிருக்கிறார், பல்லுக்கு அங்கே ஜோடி கிடையாது. உதட்டின் மேல் பல் ஆவி மாதிரி மிதந்தது. அம்மா வாயை மூடி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை வைத்ததும் சரியாகிவிட்டது. அம்மாயியின் மூக்குத்திக்கும் ஜோடி இல்லைதான், ஆனால் அது மெல்ல மறைவது அத்தனை அழகு. அதைத் தொடவில்லை.

டிசால்வை 75 ஃபிரேமுக்கும் பரப்பாமல் 25க்கும் 50க்கும் நடுவில் வைத்தேன். முதலில் தாடை அசைகிறது, அப்புறம்தான் ஆள் மாறுகிறார். இந்த ஒரு மாற்றம் போதும், பார்க்கிறவருக்கு எங்கே மாறியது என்றே பிடிபடாது.

அடுத்து தலவாக்கலைப் பக்கத்தில் இருக்கும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி. 2012ல் மேல் கொத்மலை மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு நீர்வீழ்ச்சிக்கு வரும் தண்ணீர் குறைந்துபோனது. பழைய படத்தையும் இப்போதைய படத்தையும் இணைக்க ஆசை. பாறை விளிம்பில் வலைக்கோட்டைப் பிடித்து நிறுத்தலாம், தண்ணீரில் பிடிக்க ஒன்றுமில்லை. அந்த இடத்தில் மட்டும் வலையை அசைக்காமல் டிசால்வை மட்டும் விட்டுப் பார்க்கப் போகிறேன்.