ஆரல்வாய்மொழிக் கணவாயில் பழைய காற்றாடிகளைத் தேடி

நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகும் சாலையில் தோவாளையைத் தாண்டும்போதே காற்று மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகும் இடத்தில் விட்டிருக்கும் இடைவெளி இது. தென்மேற்குப் பருவக்காற்று இதற்குள் நெருக்கிப் புகுந்து வேகமெடுக்கிறது. இங்கே மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளுக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சீசன். பார்க்கப் போவதென்றால் ஜூன், ஜூலைதான். பைக்கில் போகிறவர்கள் லாரியை முந்தும்போது கவனம்: மறைப்பு விலகும் நொடியில் காற்று பக்கவாட்டில் தள்ளும்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் பக்கம் வண்டியை நிறுத்தி, சற்றே குட்டையான பழைய காற்றாடிகளைத் தேடுங்கள். 225, 250 கிலோவாட் மெஷின்கள், தொண்ணூறுகளில் வந்தவை. நிறுத்தி வைத்திருக்கும் சிலவற்றில் இறக்கையின் நுனி மட்டும் குறுக்கே திரும்பியிருக்கும். அதுதான் பிரேக். ஓடும்போது நுனியை ஆயில் பிரஷர் உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. பிரஷர் போனால் சுழற்சி விசையில் தானே வெளியே வந்து திரும்பிக்கொள்ளும். ஆயில் கசிந்தாலும் இதே கதைதான்: நல்ல காற்றில் மெஷின் நின்றுபோகும்.

நாட்டின் மிகச் சிறந்த காற்று இந்தச் சின்ன மெஷின்களிடம் சிக்கியிருப்பது வருத்தமான விஷயம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. உயரம் கூடக் கூட வேகமும் கூடும். இவையோ 30 மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, புதியவை 100 மீட்டருக்கு மேல்.

பிறகு ஏன் மாற்றவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் திசையில், இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டத்தைப் போல 7 மடங்கு, குறுக்கே 5 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். 30 மீட்டர் விட்டத்துக்கு 210-க்கு 150 மீட்டர் போதும். 120 மீட்டர் விட்டத்துக்கு 840-க்கு 600. அதாவது 16 பழைய மெஷின்களின் இடம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு முதலாளியுடையது என்றால், 16 பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அது முடிந்தாலும் காலண்டர் விடாது. அஸ்திவாரத்துக்குச் சில நூறு கன மீட்டர் கான்கிரீட்டை இடைவிடாமல் ஊற்ற வேண்டும். நடுவில் லாரி தாமதித்தால் அடி அடுக்கு இறுகி, மேலடுக்கோடு ஒட்டாமல் போகும். பல ஆண்டு ஆட்டத்தில் அந்த இணைப்பில்தான் விரிசல் விடும். ஊற்றியபின் 28 நாள் காத்திருப்பு. அதன்பிறகு கிரேன். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தைக் காற்று நெருங்கினாலே இறக்கையைத் தூக்குவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். நீளமான இறக்கை கயிற்றில் தொங்கும்போது பாய்மரம் மாதிரி திரும்பிக்கொள்ளும். ஏப்ரலுக்குள் ஏற்றியாக வேண்டும். தவறினால், எந்தக் காற்றுக்காக வந்தார்களோ அதே காற்று ஓயும்வரை, அக்டோபர் வரைக்கும், இறக்கைகள் தரையிலேயே கிடக்கும்.