256 எட்டு ஆன கதை

இவர் ஓ பாசிட்டிவ். காலேஜ் நாளிலிருந்தே ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தாலும் ரத்தம் கொடுக்க வண்டியை எடுத்துவிடுவார். ரத்ததான அட்டைகளைப் போட்டு வைப்பதற்கென்றே வீட்டில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. கிட்னி போய், வாரம் மூன்று டயாலிசிஸ் என்று ஆனபோது சொந்தபந்தம் மொத்தமும் சொன்னது: "ஓ குரூப்தானே, எல்லாருக்கும் சேருமே!"

கொடுக்கத்தான் எல்லாருக்கும் சேரும். வாங்குவதென்றால் ஓ-விடம் மட்டும்தான். இதை எத்தனை பேருக்கு விளக்கினேனோ! (பாசிட்டிவ், நெகட்டிவ் கிட்னிக்குப் பொருட்டே இல்லை என்பதை அன்றுதான் நானும் தெரிந்துகொண்டேன்.)

மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சுகர். மிச்சம் நான். நான் பி பாசிட்டிவ்.

இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் முறையைச் சட்டம் 2011 திருத்தத்தில் அனுமதித்திருக்கிறது. பதிந்து வைத்தோம். ஆனால் ஓ குரூப்காரர் கொடுக்க முன்வந்தால் பெரும்பாலும் அவர் வீட்டு நோயாளிக்கே நேராகக் கொடுத்துவிடலாமே, ஸ்வாப்புக்கு எதற்கு வரப்போகிறார்? எட்டு மாதம் போனதுதான் மிச்சம்.

பிறகுதான் டாக்டர், குரூப் சேராமலே செய்யலாம் என்றார். மூளைச்சாவு தானம் குறைவாக இருந்த ஜப்பானில் 1989-லிருந்தே செய்கிறார்களாம். அப்போதெல்லாம் மண்ணீரலையும் எடுத்துவிடுவார்களாம். இப்போது அதற்குப் பதில், ஆன்டிபாடி (எதிர்த்துத் தாக்கும் புரதம்) புதிதாக உருவாவதைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி. பி என்ற அடையாளம் ரத்த அணுவில் மட்டுமல்ல, என் கிட்னியின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. இவர் உடம்பில் அதற்கு எதிரான ஆன்டிபாடி கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஊறிக்கிடக்கிறது. முதலில் அதை இறக்க வேண்டும்.

எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் டைட்டர். லேப் பையன் காட்டினான்: வரிசையாகச் சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் இவருடைய சீரம் முந்தையதில் பாதி அடர்த்தி, எல்லாவற்றிலும் பி அணுக்கள். தட்டினால் சில குழாய்களில் அணுக்கள் திரிதிரியாக எழும்பின. சிலவற்றில் புகைபோலக் கலைந்தன. கடைசியாகத் திரிந்த குழாயில் சீரம் 256 மடங்கு நீர்த்திருந்தது. அதனால் டைட்டர் 256.

பிளாஸ்மா மாற்றும்போது பையில் சேர்ந்தது உருக்கிய நெய் நிறத்தில் இருந்தது. "இதுக்குள்ளதான் உன் மேல இருக்கிற கோபமெல்லாம் இருக்கு" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிலுக்கு ஏற்றியது ஏபி பிளாஸ்மா; அதில்தான் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி இருக்காது. ஏபி ஆட்களைத் தேடி என் தம்பி அலைந்த அலைச்சல் தனிக்கதை. 64 ஆனது. மறுநாள் காலை 128. இறங்குவதும் ஏறுவதுமாக ஐந்து தடவை. ஆறாவது தடவைக்குப் பிறகு எட்டு. ஆபரேஷனுக்கு அது போதும்.

ஆபரேஷன் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. என் இடது கிட்னி போனது, நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பயமெல்லாம் அதற்கப்புறம் வந்த இரண்டு வாரம். அதைத் தாண்டிவிட்டால் ஆன்டிபாடி திரும்ப ஏறினாலும் கிட்னி பெரும்பாலும் பழகிக்கொள்கிறது. எப்படி என்று முழுசாகத் தெரியாது என்றார் டாக்டர். மூன்றாம் மாதம் டைட்டர் 32. எனக்குக் கை நடுங்கியது. ஆனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.2-லேயே நின்றது.

நேற்று வாட்ஸ்அப்பில், 'ஓ பாசிட்டிவ் அவசரம்'. இவர் கை சாவியைத் தேடிப் போய்விட்டு நின்றது. என் தம்பிக்கு ஃபார்வர்ட் செய்தார். அவன் பி என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.