ஃபாலுன் நாட்குறிப்பு: செம்பும் காவியும்

23 ஜூன் 2022, வியாழன்

ஸ்வீடனின் டாலர்ணா மாகாணத்தில் உள்ள ஃபாலுன் நகராட்சிக்கு நேற்றிரவு வந்து சேர்ந்தேன். இன்று காலை, 1992இல் மூடப்பட்ட செப்புச் சுரங்கத்தில் 67 மீட்டர் ஆழம் வரை இறங்கினேன். மேலே நல்ல கோடை. உள்ளேயோ ஐந்தாறு டிகிரிக் குளிர். வெடிமருந்து வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளில், பாறையோடு ஒட்டி விறகை அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் பாறை விரிசல் விட்ட பிறகே அதைச் சம்மட்டியால் பெயர்த்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் புகையிலும் வெக்கையிலும்தான் மனிதர்கள் வேலை செய்தார்கள். 1734இல் இங்கே இறங்கிப் பார்த்த தாவரவியலாளர் லின்னேயஸ் இவ்விடத்தைப் பாதாள உலகத்தோடு ஒப்பிட்டார். ஐந்தாண்டுகள் கழித்து அவருக்குத் திருமணம் நடந்ததும் இதே ஊரில்தான்.

25 ஜூன், சனி

ஊரெல்லாம் நடுக்கோடைக் கொண்டாட்டத்தில் இருக்க, நான் ‘ஸ்டோரா ஸ்டோட்டென்’ எனப்படும் பெரும்பள்ளத்தின் விளிம்பில் வெகுநேரம் நின்றேன். திட்டமின்றிக் குடைந்துகொண்டே போனதால் வலுவிழந்த சுரங்கம், 1687ஆம் ஆண்டு இதே ஜூன் 25ஆம் தேதி சரிந்து விழுந்தது. ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழமுள்ள இப்பள்ளம் அன்று உருவானதே. மற்ற நாட்களில் நூற்றுக்கணக்கானோர் உள்ளே இருந்திருப்பார்கள். நடுக்கோடை விடுமுறையாக இருந்ததால் ஒருவரும் சாகவில்லை. உயிர்களைக் காத்தது முன்யோசனை அன்று, பண்டிகை நாள் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்கை இந்த ஒரே சுரங்கம் தந்த காலமும் உண்டு. அந்த அவசரத்தின் தடத்தைத்தான் இன்று கண்ணால் பார்த்தேன்.

26 ஜூன், ஞாயிறு

இங்குள்ள பழைய மரவீடுகளின் சிவப்பு, கடையில் வாங்கிய ஏதோ ஒரு சாயம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். செம்பு குறைவென்று ஒதுக்கிய கற்கள் குவியல் குவியலாகக் கிடந்து, மழையிலும் காற்றிலும் சிதைந்து, இரும்புச் சத்து மிகுந்த காவியாக மாறியிருக்கின்றன. அதை நீரில் அலசிக் கசடு நீக்கிச் சூளையில் சுடுகிறார்கள்; சூடு கூடக் கூடச் சிவப்பு கருமை ஏறுகிறது. பின்னர் நீர், தானிய மாவு, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றோடு கலந்தால் பூச்சு தயார். ஸ்வீடன் நாட்டுப்புறத்தின் அடையாளமே ஆகிவிட்ட நிறம், சுரங்கம் வேண்டாமென்று தள்ளிய மண்ணிலிருந்து வந்தது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது, சுரங்கத்தோடு சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்புகளும் பண்ணைநிலமும் சேர்க்கப்பட்டது மிகச் சரியான முடிவு.

27 ஜூன், திங்கள்

புறப்படும் முன் ஸ்டோரா கோப்பர்பெர்க் தேவாலயத்துக்குச் சென்றேன். 1677இல் சுரங்கத்துக்குள் காணாமற்போன மாட்ஸ் இஸ்ரேல்சன் என்ற தொழிலாளியின் உடல், 1719இல் கண்டெடுக்கப்பட்டபோது, செப்பு கலந்த நீரில் ஊறிச் சற்றும் அழியாமல் இருந்தது. அவரை அடையாளம் காட்டியவர், ஒரு காலத்தில் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மார்கரேட்டா ஓல்ஸ்டோட்டர், அதற்குள் மூதாட்டியாகியிருந்தார். இறந்த உடலை மக்கள் காட்சிப்பொருளாக்கினார்கள். ஒருமுறை புதைத்த பிறகும் வெளியே எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். கடைசியாக அவரை இங்கே அடக்கம் செய்தது 1930இல்.